எச்சரிக்கைக்கும் ஒரு மரக்கால் வேண்டும்

பாகூர்ப் பக்கம் நிலம் வைத்திருப்பவரிடம் எவ்வளவு நிலம் என்று கேட்டால் குழிக்கணக்கில் சொல்வார். பத்திரத்தைப் பிரித்துப் பார்த்தால் ஹெக்டேர், ஆர், சென்டியார் என்று இருக்கும். பிரெஞ்சுக்காரர் விட்டுப்போன கணக்கு அது. தென்பெண்ணையைத் தாண்டிக் கடலூர்ப் பக்கம் போனால் ஏக்கர், சென்ட். மண்ணும் ஆறும் ஒன்றுதான், அளவு மட்டும் மூன்று. ஒரு ஆர் என்றால் 100 சதுர மீட்டர், ஒரு சென்ட் என்றால் 40 சதுர மீட்டர் சொச்சம் என்று தெரியாமல் குத்தகை பேசினால் ஏமாந்துதான் போவோம். ஊருக்கு ஊர் மரக்கால் மாறிய காலத்தில் நெல் விற்ற நம்ம தாத்தாக்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

மழை, புயல், வெள்ளம் பற்றி நமக்கு வரும் சேதிக்கும் இப்படி ஒரு பொது அளவு வேண்டும். கணினித் துறையில் இதைத் தரநிலை என்கிறார்கள். பருவநிலை மாற்றம் என்றதும் நாம் மண்ணில் கரிமம் சேர்ப்பது, மரம் வளர்ப்பது, மூடாக்கு போடுவது பற்றிப் பேசுகிறோம். பேச வேண்டியதுதான், செய்யவும் செய்கிறோம். ஆனால் கடல் ஏற்கெனவே சூடாகிவிட்டது. காற்றின் வெப்பம் ஒரு டிகிரி கூடினால் அது சுமார் 7 சதவீதம் அதிகமாக ஈரம் சுமக்கும். சுமந்ததை எங்காவது கொட்டத்தானே செய்யும்? அதை நம்ம வயலில் கொட்டுவதற்கு ஒரு நாள் முன்னால் நமக்குத் தெரியுமா என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்த புயலை யாரும் மறந்திருக்க மாட்டோம். கரை ஏறிய பிறகும் நகராமல் மணிக்கணக்கில் நம்ம தலைக்கு மேலேயே நின்றது. மறுநாள் காலை வரை புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. ஒரு ஏக்கரில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 40,000 லிட்டர் தண்ணீர். கணக்குப் போட்டால் அந்த ஒரு நாளில் ஏக்கருக்கு 18 லட்சம் லிட்டருக்கு மேல் வானத்திலிருந்து மட்டுமே வந்திருக்கிறது; ஏரி உடைந்து வந்ததும் ஆறு கொண்டு வந்ததும் தனி. எந்த வடிகால் தாங்கும்?

அந்தப் புயலின் பெயரைப் பாருங்க. சில செய்தித்தாள்கள் ஃபெங்கல் என்று எழுதின, சில ஃபெஞ்சல் என்று எழுதின. சவுதி அரேபியா கொடுத்த பெயர். எழுத்து ஒன்று, உச்சரிப்பு வேறு. நமக்கு இரண்டும் ஒரே புயல்தான். ஆனால் ஒரு கணினியிடம் கொடுத்துப் பாருங்க, இரண்டு புயல் வந்ததாகச் சொல்லும். சின்ன விஷயம் போலத் தெரிகிறது. இதே குழப்பம் ஊர்ப் பெயரில் வந்தால் சின்ன விஷயம் இல்லை. உழவர்கரையை இன்றைக்கும் ஆங்கிலத்தில் ‘உல்கரே’ என்று பிரெஞ்சு வாடை வீசும் எழுத்தில்தான் அரசு எழுதுகிறது. உழவர் என்ற சொல்லே அதில் காணாமல் போய்விட்டது! வில்லியனூருக்கும் அரியாங்குப்பத்துக்கும் பழைய பிரெஞ்சு எழுத்து ஒன்று, புதிய ஆங்கில எழுத்து ஒன்று. ஒரு துறை ஒரு எழுத்திலும் இன்னொரு துறை வேறு எழுத்திலும் பட்டியல் வைத்திருந்தால், ஒரு பட்டியலில் இருக்கும் எச்சரிக்கை இன்னொரு பட்டியலில் இருக்கும் ஊரைப் போய்ச் சேராது. அதனால்தான் மத்திய அரசின் உள்ளாட்சி அடைவில் ஒவ்வொரு ஊருக்கும் ஓர் எண் கொடுத்திருக்கிறார்கள். பெயரை எப்படி எழுதினாலும் எண் மாறாது.

நாம் தினம் கேட்டுவிட்டுச் சிரிக்கிற ஒரு தரநிலையிலிருந்து தொடங்குவோம். "ஓரிரு இடங்களில் மழை பெய்யக்கூடும்" என்று வானிலை மையம் சொன்னதும் டீக்கடையில் என்ன சொல்வோம்? "ஆமா, எங்கேயாவது பெய்யத்தானே செய்யும், இதுக்கு ஒரு ஆபீசு" என்போம். ஆனால் அது வாய்க்கு வந்தபடி சொல்வது கிடையாது. ஒரு பகுதியிலுள்ள மழைமானி நிலையங்களில் கால் பங்கு வரை மழை பதிவானால் அது ‘ஓரிரு இடங்கள்’. பாதி வரை போனால் ‘சில இடங்கள்’. முக்கால் பங்கு வரை ‘பல இடங்கள்’. அதற்கும் மேல் ‘பெரும்பாலான இடங்கள்’. மழையின் அளவுக்கும் அப்படித்தான். 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டரைத் தொட்டால் கனமழை, 115.6-ஐத் தொட்டால் மிக கனமழை, 204.4-ஐத் தாண்டினால் அதி கனமழை. ஃபெஞ்சல் நாளில் புதுவையில் பெய்தது அதி கனமழையின் தொடக்க அளவைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். வண்ணங்களும் இப்படியே. மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டிரு, ஆரஞ்சு என்றால் தயாராகு, சிவப்பு என்றால் இறங்கிச் செயல்படு. இந்தச் சொற்களின் அளவு தெரிந்தவருக்கு வானிலை அறிக்கை வேறு மாதிரி கேட்கும். ‘ஓரிரு இடங்களில் கனமழை’ என்ற நாளில் நெல்லைக் களத்தில் காயப்போடலாமா என்று அவர் யோசித்து முடிவெடுக்கலாம். ‘பெரும்பாலான இடங்களில்’ என்ற நாளில் யோசிக்கவே வேண்டாம்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். புயல் வரும்போது ஒரு துறையா சேதி சொல்கிறது? மழையை வானிலைத் துறை சொல்லும். அலையையும் கடல் கொந்தளிப்பையும் ஐதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் நிறுவனம் சொல்லும். ஆற்று வெள்ளத்தை மத்திய நீர் ஆணையம் சொல்லும். அணை திறப்பை நீர்வளத் துறை சொல்லும். மாவட்ட ஆட்சியர் தனியாகச் சொல்வார். ஆளுக்கு ஒரு நடை, ஆளுக்கு ஒரு படிவம். ஒருவர் கடிதமாக அனுப்புவார், இன்னொருவர் படமாக அனுப்புவார். இதை வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் கைப்பேசிக்கும் ஒலிபெருக்கிக்கும் தனித்தனியாக யாராவது மறுபடி எழுத வேண்டும். எழுதும்போது நேரம் போகும், பிழையும் வரும்.

இதற்குத் தீர்வாக அமெரிக்காவில் ஆர்ட் போட்டரெல் என்பவர் முன்னின்று, பேரிடர்ப் பணியில் இருந்தவர்கள் சேர்ந்து ஒரு படிவத்தை உருவாக்கினார்கள். பொது எச்சரிக்கை நெறிமுறை என்று தமிழில் சொல்லலாம். சுருக்கமாக ‘கேப்’ என்கிறார்கள். 2004-இல் முதல் வடிவம் வந்தது. 2007-இல் உலகத் தொலைத்தொடர்பு அமைப்பான ஐ.டி.யு. அதை எக்ஸ்.1303 என்ற எண்ணில் ஏற்றுக்கொண்டது. இந்தியாவில் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்காக சி-டாட் நிறுவனம் உருவாக்கிய ‘சசேத்’ இந்தப் படிவத்தில்தான் ஓடுகிறது. மழை நாளில் நம்ம போனுக்கு வரும் அரசு எச்சரிக்கைக் குறுஞ்செய்திக்குப் பின்னால் இருப்பது இதுதான்.

படிவத்தில் என்ன இருக்கிறது? சொத்துப் பத்திரத்தில் நான்கு எல்லை, விஸ்தீரணம், எழுதிக்கொடுப்பவர், வாங்குபவர் என்று கட்டாயம் எழுத வேண்டியவை இருக்கிறதல்லவா, அது மாதிரி. அனுப்பியது யார், எந்த நேரத்தில், இது நிஜமா ஒத்திகையா, புதிய எச்சரிக்கையா முந்தையதன் திருத்தமா அல்லது ரத்தா, எப்போது தொடங்கும், எப்போது காலாவதியாகும், எந்த இடத்துக்கு, என்ன செய்ய வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் கட்டம் உண்டு. ஒரே எச்சரிக்கைக்குள் தமிழ், ஆங்கிலம், தெலுங்கு என்று எத்தனை மொழியில் வேண்டுமானாலும் பகுதி சேர்க்கலாம். சுனாமிக்குப் பிறகு இலங்கையில் சர்வோதய இயக்கமும் லேர்ன்ஆசியா ஆய்வு அமைப்பும் கடலோர ஊர்களில் இந்தப் படிவத்தைச் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றையும் வைத்துச் சோதித்துப் பார்த்தார்கள்.

எனக்கு இதில் மிகப் பிடித்தது மூன்று கட்டங்கள்: அவசரம், கடுமை, உறுதி. நம் பேச்சில் இந்த மூன்றையும் போட்டுக் குழப்பிவிடுகிறோம். "பெரிய மழை வருதாம்" என்றால், உடனே வருகிறதா, நிறைய வருகிறதா, நிச்சயம் வருகிறதா? மூன்றும் வேறு வேறு. ஐப்பசி கார்த்திகையில் மழை வரும் என்பது உறுதி, ஆனால் ஐப்பசி முதல் தேதியில் அவசரம் இல்லை. நான்கு நாள் கழித்துப் புயல் வரலாம் என்றால் கடுமை அதிகம், உறுதி குறைவு. கடுமை அதிகமாக இருக்கும்போது உறுதி பாதி இருந்தாலும் விதைநெல்லைப் பரணில் ஏற்றிவிடுவதுதான் புத்தி. வேலை இரண்டு மணி நேரம். புயல் வராவிட்டால் இறக்கி வைக்கப் போகிறோம், அவ்வளவுதானே.

விதைநெல்லைச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. ரசாயன விவசாயி விதை நனைந்தால் கடையில் மூட்டை வாங்குவார். நாம் மாப்பிள்ளைச் சம்பாவோ கருப்புக் கவுனியோ பல வருடமாகப் பொறுக்கிப் பொறுக்கி நம்ம மண்ணுக்குப் பழக்கி வைத்திருக்கிறோம். அது நனைந்து முளைத்துவிட்டால் எந்தக் கடையில் போய் வாங்குவது? மாடும் அப்படித்தான். கட்டுத்தறியில் கட்டிப்போட்ட மாடு வெள்ளத்தில் நின்ற இடத்திலேயே மூழ்கும். அவிழ்த்துவிட்டால் மேடு தேடிப் போய்விடும். மாடு போனால் பஞ்சகவ்யமும் அமுதக்கரைசலும் எங்கிருந்து வரும்? ஆக, ஒரு நாள் முன்னெச்சரிக்கையால் மற்றவர்களைவிட நமக்குத்தான் லாபம் அதிகம்.

இடம் என்ற கட்டத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். புதுச்சேரி என்ற சொல்லே நமக்கு ஒரு சிக்கல். காரைக்கால் காவிரிக் கடைமடையில், மாஹே கேரளத்தில், ஏனாம் கோதாவரிக் கரையில். புதுச்சேரிப் பகுதியாவது ஒரே துண்டா என்றால் அதுவும் இல்லை. விழுப்புரம், கடலூர் மாவட்டங்களுக்கு நடுவே சிதறிக்கிடக்கிற பல துண்டுகள். பஸ்ஸில் ஒரு மணி நேரம் போனால் தமிழ்நாடு, புதுவை, மறுபடி தமிழ்நாடு, மறுபடி புதுவை என்று மாறி மாறி வரும். 1954-இல் கீழூரில் கூடி வாக்களித்துப் பிரெஞ்சு ஆட்சியை முடித்துவைத்தோம்; அவர்கள் போட்ட எல்லைக்கோடு அப்படியே நிற்கிறது. தண்ணீருக்கு அந்தக் கோடு தெரியாது. சங்கராபரணியில் வரும் வெள்ளம் விழுப்புரம் மாவட்டத்து வீடூர் அணையிலிருந்து வருகிறது. பாகூர் ஏரிக்குத் தண்ணீர் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாக வருகிறது (பங்காரி, சிங்காரி என்று இரண்டு சகோதரிகள் வெட்டியது என்று கதை சொல்வார்கள்). ஒரு மாவட்டத்தின் பெயரைச் சொல்லி எச்சரிக்கை விட்டால் நடுவிலுள்ள புதுவைத் துண்டு விட்டுப்போகும்.

கேப் படிவத்தில் இடத்தைப் பெயராக மட்டும் எழுத வேண்டியதில்லை. நிலத்தை அளக்கும்போது நான்கு மூலைக்கும் கல் நடுகிற மாதிரி, வரைபடத்தில் அட்சரேகை, தீர்க்கரேகைப் புள்ளிகளை வைத்துச் சுற்றி வளைத்துவிடலாம். அந்த வளையத்துக்குள் இருக்கும் கோபுரங்களிலிருந்து சேதி போகும், அது எந்த மாநிலமாக இருந்தாலும். ஆற்றின் இரு கரையும் ஒரே வளையத்தில் வரும். நம்மைப் போலத் துண்டு துண்டாகக் கிடக்கிற ஊருக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இல்லை. ஆனால் வளையத்தை யாராவது சிரமப்பட்டு வரைய வேண்டுமே! இன்றைக்கும் நம் கைக்கு வருகிற குறுஞ்செய்திகள் பெரும்பாலும் மாவட்டப் பெயரோடுதான் நிற்கின்றன. படிவத்தில் இடம் இருக்கிறது, நிரப்புவதில்தான் கஞ்சத்தனம்.

ஃபெஞ்சலின் கடைசிப் பகுதி இதற்கு உதாரணம். 2024 டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையில் விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கும் அதிகமான தண்ணீர் திறக்கப்பட்டது. ஆற்றங்கரை ஊர்கள் மூழ்கின. முன்கூட்டி எச்சரித்தார்களா என்ற வாதம் தமிழ்நாடு சட்டமன்றம் வரை போனது. ஐந்து முறை எச்சரித்தோம் என்றது அரசு. யார் பக்கம் நியாயம் என்று இங்கே தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் எச்சரிக்கை ‘விட்டோம்’ என்பதும், சோரியாங்குப்பத்திலோ குருவிநத்தத்திலோ கரையில் படுத்திருந்தவருக்கு அது ‘வந்தது’ என்பதும் ஒன்றல்ல. பொதுப் படிவத்தில் போனால் எந்த நிமிடம் யார் அனுப்பினார், எந்த வளையத்துக்கு, எத்தனை முறை திருத்தினார் என்பதெல்லாம் பதிவில் நிற்கும். பிறகு வாதம் செய்ய வேண்டியதே இல்லை, எடுத்துப் பார்த்தால் போதும். உழவர் சங்கங்கள் கேட்க வேண்டியது இதைத்தான்: அணை திறப்பு அறிவிப்பும் இந்தப் படிவத்திலேயே, கீழ்மடை வரை வளையம் போட்டு, புதுவைக் கரையையும் சேர்த்து வர வேண்டும்.

படிவம் மட்டும் போதுமா என்றால், போதாது. இதற்குச் சாட்சி நம்ம ஊரிலேயே இருக்கிறது. 1998-இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை மையமாக வைத்துப் புதுவைக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. பசுமைப் புரட்சி விஷயத்தில் சுவாமிநாதனோடு நமக்குத் தீராத வழக்கு உண்டு. அது கிடக்கட்டும், இந்த வேலையை நல்ல வேலை என்றுதான் சொல்ல வேண்டும். எம்பலத்தில் கோயில் வளாகத்திலேயே கணினி வைத்தார்கள். உள்ளூர்ப் பெண்கள் நடத்தினார்கள். தொலைபேசிக் கம்பி சரியில்லாத காலம் அது. வயர்லெஸ் கருவியிலும் சூரிய மின்சாரத்திலும் ஓட்டினார்கள். வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படை வெளியிடும் அலை உயர முன்னறிவிப்பை இறக்கி, தமிழாக்கி, ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். கடலுக்குப் போகலாமா வேண்டாமா என்று மீனவர்கள் அதைக் கேட்டு முடிவெடுத்தார்கள்.

2004 டிசம்பர் 26. நல்லவாடு ஊரைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் சிங்கப்பூரில் வேலை பார்த்துவந்தார். தொலைக்காட்சியில் சுனாமி செய்தி பார்த்து வீட்டுக்குப் போன் போட்டார். ஊர்க்காரர்கள் தகவல் மையத்தை உடைத்துத் திறந்து ஒலிபெருக்கியில் எச்சரித்தார்கள். படகுகள் போயின, வீடுகள் போயின, உயிர் ஒன்றுகூடப் போகவில்லை. சுனாமிக்கும் பருவநிலைக்கும் சம்பந்தம் இல்லைதான். ஆனால் கவனியுங்க: கேப் படிவத்தின் முதல் வடிவம் அதே ஆண்டில்தான் வந்திருந்தது, நம் கடற்கரைக்கு அது வரவில்லை. படிவம் இல்லாமல், கடைசிக் கண்ணி மட்டும் சரியாக இருந்த ஓர் ஊர் பிழைத்தது. இன்றைக்கு நிலைமை தலைகீழ். மேலே படிவமும் செயலியும் இருக்கின்றன. கீழே ஒலிபெருக்கி யார் கையில்? 2006-இல் தேர்வான புதுவை உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2011-இல் முடிந்தது. அதன் பிறகு ஆண்டுக்கணக்கில் தேர்தலே இல்லை. கொம்யூன் பஞ்சாயத்து ஆணையர் ஒருவர் எத்தனை ஊருக்கு ஓடுவார்?

மொழியையும் சொல்லிவிடுகிறேன். குறுஞ்செய்தி ஒன்றில் ஆங்கிலம் 160 எழுத்து கொள்ளும். தமிழுக்கு 70 இடம்தான். அதிலும் ‘புயல்’ நம் கண்ணுக்கு மூன்று எழுத்து, போனுக்கு ஐந்து. ‘வெள்ளம்’ நமக்கு நான்கு, போனுக்கு ஏழு. பத்துச் சொல்லுக்குள் இடம் தீர்ந்துவிடும், பிறகு இரண்டாம் துண்டு, மூன்றாம் துண்டு. ஆனாலும் தமிழ் எழுத்து எல்லாப் போனிலும் ஒரே மாதிரி தெரிகிறதே, அதுவே ஒரு தரநிலை தந்த வரம். 25 வருடத்துக்கு முன் ஒவ்வொரு நிறுவனமும் ஒரு எழுத்துரு வைத்திருந்தது. ஒரு கணினியில் அடித்தது இன்னொன்றில் பூச்சி பூச்சியாகத் தெரியும். யூனிகோடு எல்லா இடத்துக்கும் பரவிய பிறகுதான் அந்தத் தொல்லை தீர்ந்தது. 2023-இல் கைப்பேசிகள் திடீரென்று அலறி ‘சோதனைச் செய்தி’ காட்டியது நினைவிருக்கும். பலர் பயந்தே போனார்கள். அது குறுஞ்செய்தி இல்லை, கோபுரத்திலிருந்து ஒரே நேரத்தில் எல்லாப் போனுக்கும் ஒலிபரப்புவது. எண் தேவையில்லை, நெரிசலில் மாட்டாது. நடவுக்கு வெளியூரிலிருந்து வந்த ஆளின் போனிலும் அலறும்.

‘என்ன செய்ய வேண்டும்’ என்ற கட்டத்தில் இப்போது வருவது ‘பாதுகாப்பாக இருங்கள், வெளியே செல்ல வேண்டாம்’. நகரத்துக்குச் சரி. நமக்கு வேண்டியது ‘வடிகால் மடையைத் திறங்கள், மோட்டாரை மேலே ஏற்றுங்கள், மாட்டை அவிழ்த்துவிடுங்கள், விதையைப் பரணில் வையுங்கள்’. வேளாண் துறையும் குரும்பாபேட்டையில் உள்ள வேளாண் அறிவியல் நிலையமும் இந்த வரிகளை முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால் போதும், படிவம் வாங்கிக்கொள்ளும். வேளாண் வானிலை அறிக்கைகளில் இன்ன மருந்து அடி என்று எழுதத் தெரிந்தவர்களுக்கு இது கஷ்டமா?

வாட்ஸ்அப்பில் புயல் படம் வந்தால் இதே கட்டங்களை வைத்துச் சோதியுங்கள். யார் வெளியிட்டது, எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த இடம், எப்போது வரை. ‘தானே’ காலத்துப் படமே வருடா வருடம் சுற்றுகிறது. தேதியும் நேரமும் இல்லாத எச்சரிக்கையை அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள்.

நாம் மேலே அனுப்ப வேண்டிய தகவலும் உண்டு. மழைமானி நிலையம் எல்லா ஊரிலும் இல்லை. அடியும் வாயும் ஒரே அகலமுள்ள, செங்குத்தான பாத்திரம் ஒன்று போதும். உள்ளே நிற்கும் தண்ணீரின் உயரத்தை அளவுகோலால் மில்லிமீட்டரில் அளந்தால் அதுதான் மழை அளவு. மரத்துக்கோ கூரைக்கோ பக்கத்தில் வைக்கக் கூடாது; மரம் எவ்வளவு உயரமோ அதைப்போல இரண்டு மடங்கு தள்ளி வையுங்கள். தினமும் காலை 8.30-க்கு அளந்து கொட்டிவிட வேண்டும், ஏனென்றால் நாடு முழுவதும் வானிலைத் துறையின் மழை நாள் காலை 8.30 முதல் மறுநாள் 8.30 வரை. அளந்த தேதியில் எழுதுங்கள், முந்தைய நாள் தேதியில் வேண்டாம். ஊர், கொம்யூன், தேதி, மில்லிமீட்டர் என்று நான்கு பத்தி. மழை இல்லாத நாளில் கட்டத்தைக் காலியாக விடாமல் பூஜ்யம் போடுங்கள். காலியாக இருந்தால் மழை இல்லையா, அளக்கவே இல்லையா என்று பிறகு யாருக்கும் தெரியாது.